பிள்ளை 'சரி' என்று சொல்லிவிட்டால் போதுமா?

பதிவு கொஞ்சம் நீளம். சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாக உட்கார்ந்து படியுங்கள்.

'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடர் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள். தூக்காமல் கடைசி பெஞ்சில் சிரிப்பவர்களும் பார்த்தவர்கள்தான், எனக்குத் தெரியும். 2011 முதல் 2019 வரை வந்த தொடர். 8 சீசன், 73 எபிசோட். ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கா பஞ்சம்? மகன் வீட்டில் தங்கியிருந்தபோது நானும் பார்த்து முடித்தேன். சில காட்சிகளை மருமகளே ரிமோட்டை எடுத்து ஓட்டிவிட்டாள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்க்கிற தொடர் இல்லை அது. இனிமேல்தான் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கவனம், முக்கியமான ஒரு கட்டத்தைச் சொல்லப் போகிறேன்.

பழைய மாணவர் ஒருவர் எனக்கு எழுதியிருந்தார். "டீச்சர், இந்தத் தொடர் கிரேக்கத் துன்பியல் நாடகம் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. நீங்க எங்களுக்குக் கூத்துக் கதையெல்லாம் சொல்வீங்களே, இதைப் பத்தியும் எழுதுங்க" என்று கேட்டிருந்தார். நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்து, ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்தவள். கிரேக்க மொழி தெரியாது. அந்த நாடகங்களை மொழிபெயர்ப்பில்தான் படித்தேன். ஆனால் கூத்து தெரியும். கூத்து வழியாகப் போனால் ஏதென்ஸ் நமக்கு ரொம்பத் தூரமில்லை.

கிரேக்கர்கள் இந்த நாடகங்களை நடத்தியது டயோனிசஸ் என்ற தெய்வத்தின் திருவிழாவில். வசந்த காலத்தில், ஏதென்ஸ் நகரத்துக் குன்றின் தெற்குச் சரிவில், திறந்தவெளியில் நடக்கும். நடிகர்கள் முகமூடி போட்டிருப்பார்கள். பெண் வேடமும் ஆண்களே கட்டுவார்கள். ஒரு பாட்டுக் குழு கதையைப் பாடும், கேள்வி கேட்கும், புலம்பும்.

இப்போது நம் காஞ்சிபுரம், உத்திரமேரூர், செய்யாறு பக்கத்துத் திரௌபதி அம்மன் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். பகலில் பாரதப் பிரசங்கம். இரவு விடிய விடியக் கூத்து. கடைசியில் படுகளம், தீமிதி. கட்டைக் கிரீடம், புஜகட்டை, முகத்தில் அரிதாரம். பின்பாட்டுக்காரர்கள், மத்தளம், முகவீணை, ஹார்மோனியம். பெண் வேடம் வழக்கமாக ஆண்கள்தான். புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் 2002 முதல் 2020 வரை நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கூத்துப் பயின்றார்கள். என் பாட்டி காலத்தில் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கூத்துப் பார்க்கிறவனுக்கும் கிரேக்க நாடகம் பார்த்தவனுக்கும் கதை முன்கூட்டியே தெரியும். யார் சாவார், யார் ஜெயிப்பார் என்று தெரிந்தேதான் பாயை எடுத்துக்கொண்டு வந்து உட்காருகிறான். அடுத்து என்ன நடக்கும் என்பது அவனுக்குப் பெரிதில்லை. மனுஷன் எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தான் என்று பார்க்கத்தான் கண் விழிக்கிறான்.

சரி, இப்போது மூன்று பிள்ளைகளின் கதையைச் சொல்கிறேன்.

முதல் பிள்ளை இபிஜீனியா. அகமெம்னான் என்ற கிரேக்க மன்னனின் மகள். டிராய் நகரத்தின் மேல் படையெடுக்கக் கப்பல்கள் எல்லாம் ஆலிஸ் துறைமுகத்தில் கூடி நிற்கின்றன. காற்று ஒத்துவரவில்லை. ஆர்டெமிஸ் தேவதை கோபமாக இருக்கிறாள், மன்னன் தன் மகளைப் பலி கொடுத்தால்தான் கப்பல் நகரும் என்று குறி சொல்பவன் சொல்லிவிடுகிறான். அகமெம்னான் வீட்டுக்கு ஓலை அனுப்புகிறான். "மகளுக்கும் மாவீரன் அக்கிலீசுக்கும் கல்யாணம், அழைத்து வா" என்று மனைவிக்குச் சொல்லியனுப்புகிறான். கல்யாணம் என்று நம்பித் தாயும் மகளும் வருகிறார்கள். கைக்குழந்தைத் தம்பியையும் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

இரண்டாவது பிள்ளை நம் அரவான். அர்ச்சுனனுக்கும் நாககன்னி உலூபிக்கும் பிறந்தவன். வியாச பாரதத்தில் அவன் 8ஆம் நாள் போரில் அலம்புசன் என்ற அரக்கன் கையால் சாகிறான். தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி வளர்ந்தது. போர் தொடங்கும் முன்பே காளிக்குக் களபலியாகிறான். 9ஆம் நூற்றாண்டில் பெருந்தேவனார் எழுதிய பாரத வெண்பாவிலேயே இது வந்துவிட்டது. கூத்தில் இதற்கென்றே ஒரு முழு இரவு உண்டு, 'அரவான் களபலி' என்று. 32 லட்சணமும் பொருந்திய ஆள் பலிக்கு வேண்டும். அப்படிப் பாண்டவர் பக்கத்தில் இருப்பது மூன்றே பேர். கண்ணன், அர்ச்சுனன், அரவான். கண்ணன் இல்லாமல் போர் இல்லை. அர்ச்சுனன் இல்லாமல் வெற்றி இல்லை. மிச்சம் யார்?

மூன்றாவது பிள்ளை ஷிரீன். தொடரில் ஸ்டானிஸ் என்ற மன்னனுக்கு ஒரே மகள். சின்ன வயதில் வந்த நோயால் கன்னத்தில் தழும்பு. அரியணை தனக்கே சேர வேண்டும் என்று படை திரட்டிப் போகும் ஸ்டானிஸ், வழியில் பனியில் மாட்டிக்கொள்கிறான். எதிரிகள் இரவில் வந்து உணவுக் கிடங்கைக் கொளுத்திவிட்டுப் போகிறார்கள். குதிரைகள் சாகின்றன. மன்னர் இரத்தத்தைத் தீக்குக் கொடுத்தால் பனி விலகும் என்கிறாள் மெலிசாண்ட்ரே என்ற பூசாரிப் பெண். பெற்ற மகளைக் கம்பத்தில் கட்டிக் கொளுத்துகிறார்கள். 2015 ஜூனில் வந்த 5ஆவது சீசனின் 9ஆவது எபிசோட். ஜார்ஜ் மார்ட்டின் எழுதி இதுவரை வெளிவந்த புத்தகங்களில் இந்தக் கட்டம் இல்லை. தொடரில்தான் வருகிறது.

எனக்கு ஷிரீன் ஏன் மனதை விட்டுப் போகவில்லை தெரியுமா? அந்தக் கதையில் அவள் ஒரு குட்டி டீச்சர். கடத்தல்காரனாக இருந்து மன்னனுக்கு மந்திரியான டாவோஸ் என்ற வயதான ஆளுக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுக்கிறாள். கில்லி என்ற எழுதப்படிக்கத் தெரியாத பெண்ணுக்கும் அவள்தான் சொல்லிக்கொடுக்கிறாள். கத்தி, வாள், நெருப்பு என்று திரியும் அத்தனை பேர் நடுவில் புத்தகத்தோடு திரிந்தவளைத்தான் எரித்தார்கள்.

மூன்று கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். காற்று வேண்டும், வெற்றி வேண்டும், பனி விலக வேண்டும். பெரியவர்களின் போர். விலை கொடுப்பது பிள்ளை. இதில் தெய்வக் குற்றம், விதி, குறி என்பதெல்லாம் கண்ணில் முதலில் படும். ஆனால் குறி சொல்பவன் கையில் கத்தி இல்லை. திரும்பி வீட்டுக்குப் போகும் வழி அகமெம்னானுக்குத் திறந்தே இருந்தது. ஸ்டானிசுக்கும் பின்வாங்கிப் போகலாம் என்று டாவோஸ் சொன்னான். விதி வந்து நிற்கிற இடத்தில் மனுஷன் ஒரு முடிவு எடுக்கிறான். அந்த முடிவைத் திருவிழாக் கூட்டத்தின் நடுவில் வைத்துக் காட்டுவதுதான் இந்தக் கதைகளின் வேலை என்று நான் நினைக்கிறேன். அந்த முடிவு எப்படி எடுக்கப்படுகிறது என்பதில் மூன்று விஷயம் கவனித்தேன்.

ஒன்று, எந்தப் பிள்ளை தேர்ந்தெடுக்கப்படுகிறது என்பது. இபிஜீனியா பெண் பிள்ளை. வீட்டில் ஆண் வாரிசு கைக்குழந்தையாக இருக்கிறான். அரவான் தாயோடு வளர்ந்தவன். அர்ச்சுனனுக்குச் செல்லப் பிள்ளை அபிமன்யு. ஷிரீன் முகத்தில் தழும்புள்ள பெண், தாயே அவளிடம் பாசமாக ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரைக் கொடுத்தால் பெரியவர்களின் கணக்கு அதிகம் இடிக்காதோ அந்தப் பிள்ளையைத்தான் தெய்வம் கேட்டதாகச் சொல்கிறார்கள்.

இரண்டு, தடுக்கக்கூடிய ஆளை முதலில் வெளியே அனுப்பிவிடுகிறார்கள். யூரிப்பிடிஸ் எழுதிய நாடகத்தில் அகமெம்னான் தன் மனைவியிடம், "நீ ஊருக்குப் போ, கல்யாணத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று நைசாகப் பேசிப் பார்க்கிறான். அவள் அசையவில்லை. தொடரில் ஸ்டானிஸ், ஷிரீன் மேல் உயிரையே வைத்திருக்கும் டாவோசை உதவி கேட்டு வர வேறு ஊருக்கு அனுப்பிவிடுகிறான். செய்யப் போவது தப்பு என்று உள்ளுக்குள் தெரியாதவன் எதற்காக ஆளை வெளியே அனுப்ப வேண்டும்?

மூன்றாவதுதான் இந்தப் பதிவை எழுத வைத்தது. மூன்று பிள்ளைகளும் 'சரி' என்கிறார்கள்.

அரவான் மனமுவந்து ஒப்புக்கொள்கிறான். 18 நாள் போரையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று வரம் கேட்கிறான். வெட்டிய தலை களத்தில் இருந்து கண் மூடாமல் பார்க்கிறது. சாகும் முன் கல்யாணம் ஆக வேண்டும் என்று கேட்டான், கண்ணனே மோகினியாக வந்து மணந்தான் என்ற கதையும் உண்டு. அதைத்தான் கூவாகத்தில் ஒவ்வொரு சித்திரையிலும் திருநங்கைகள் தாலி கட்டிக்கொண்டு, மறுநாள் அறுத்து அழுது நினைவுகூருகிறார்கள்.

ஷிரீன், அப்பா முகவாட்டமாக இருப்பதைப் பார்த்து, நான் ஏதாவது உதவி செய்யட்டுமா என்று கேட்கிறாள். என்ன உதவி என்று அவளுக்குத் தெரியாது. அப்பனுக்குத் தெரியும். தெரிந்தும் அந்த வார்த்தையை வாங்கிக்கொள்கிறான்.

இபிஜீனியா விஷயத்தில் கிரேக்கர்களே இரண்டு விதமாக எழுதியிருக்கிறார்கள். கி.மு. 458இல் எஸ்கிலஸ் அரங்கேற்றிய நாடகத்தில் அவள் சம்மதிக்கவே இல்லை. சாபம் விட்டுவிடுவாள் என்று பயந்து வாயைக் கட்டிவிடுகிறார்கள். கண்ணால் மட்டும் ஒவ்வொருவரையும் கெஞ்சுகிறாள். இதைப் பாட்டுக் குழுவில் உள்ள கிழவர்கள் சொல்லிக்கொண்டே வந்து, கத்தி இறங்கும் இடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். அதற்கு மேல் சொல்ல மாட்டோம் என்கிறார்கள்.

ஏறக்குறைய 50 வருடம் கழித்து யூரிப்பிடிஸ் எழுதியதில், முதலில் அப்பாவின் காலைப் பிடித்து அழுகிறாள். பேசத் தெரியாத தம்பியைக் காட்டி, இவனும் கெஞ்சுகிறான் பாருங்கள் என்கிறாள். அப்பா மசியவில்லை. காப்பாற்றுகிறேன் என்று வந்த அக்கிலீசையும் படைவீரர்கள் கல்லால் அடிக்க வருகிறார்கள். எந்த வாசலும் திறக்காது என்று தெரிந்தபின், திடீரென்று நிமிர்ந்து, நாட்டுக்காக நானே சாகிறேன், யாரும் அழ வேண்டாம் என்கிறாள்.

அரிஸ்டாட்டில் பெரிய அறிஞர். அவர் இந்த இடத்தைக் குறை சொல்லியிருக்கிறார். அழுது கெஞ்சிய பெண்ணும் பிறகு துணிந்து நிற்கிற பெண்ணும் ஒரே ஆள் மாதிரி இல்லை, பாத்திரப் படைப்பு முன்னுக்குப்பின் முரண் என்கிறார். அவர் ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் 35 வருடம் வேலை பார்த்திருந்தால் அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்பது என் பணிவான கருத்து.

ஏனென்றால் நான் அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறேன். ஒருமுறை இல்லை, பலமுறை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் "டீச்சர், என்னை நிறுத்தப் போறாங்க, நீங்க வந்து பேசுங்க" என்று என் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அழுவாள். திங்கட்கிழமை வீட்டுக்குப் போனால் அதே பெண் வாசலில் நின்று, கண்ணெல்லாம் வீங்கியிருக்க, "எனக்கே படிப்பு வேணாம் டீச்சர், தம்பி படிக்கட்டும்" என்பாள். பின்னாலேயே அப்பா வருவார். "பாத்தீங்களா டீச்சர், நாங்க ஒண்ணும் கட்டாயப்படுத்தல. புள்ளையே சொல்லிடுச்சு." இரண்டு நாளில் அந்த வீட்டில் என்ன நடந்திருக்கும்? அடித்திருக்கக்கூட மாட்டார்கள். அம்மா சாப்பிடாமல் படுத்திருப்பாள். பாட்டி, "உங்கப்பன் மானம் உன் கையில" என்றிருப்பாள். எல்லா வாசலும் மூடிய வீட்டில், தானே நடந்து போவதுபோல் நடந்தால் மரியாதையாவது மிஞ்சும் என்று பிள்ளைக்குப் புரிந்திருக்கும். அந்தப் பெண் முரண்படவில்லை. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே பெருமையை எடுத்துக்கொண்டாள், அவ்வளவுதான். யூரிப்பிடிஸுக்கு இது தெரிந்திருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த 1980களில் நம் பக்கத்தில் தறிதான் பெரிய பலிபீடமாக இருந்தது. காஞ்சிபுரம் பட்டில் கோர்வைப் புடவை நெய்ய ஒரு ஆள் போதாது. நெசவாளர் ஒரு பக்கம் உட்கார்ந்தால், கரைக்கு நாடா தள்ளிவிட மறுபக்கம் இன்னொரு கை வேண்டும். அந்தக் கை பல வீடுகளில் சின்னக் கையாக இருந்தது. முன்பணம் வாங்கியிருப்பார்கள், அதற்குப் பிள்ளை தறிக்குப் போகும். 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. ஆனாலும் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கும், பெஞ்சில் ஆள் இருக்காது. கேட்டால், "அவனேதான் போறேன்னுட்டான் டீச்சர், படிப்பு ஏறல" என்பார்கள். வாய்ப்பாடு 16 வரை மனப்பாடமாகச் சொன்ன பையனுக்குப் படிப்பு எப்படி ஏறாமல் போகும்?

தறியிலிருந்து பிள்ளைகள் பெரும்பாலும் மீண்டுவிட்டார்கள். கல்யாணம் முழுசாக விடவில்லை. 2006ஆம் வருடச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. எல்லாருக்கும் தெரியும். அப்படியும் சில கல்யாணங்கள் மே மாத விடுமுறையில் நடந்து முடிந்துவிடும். ஏன் மே மாதம்? பள்ளிக்கூடம் மூடியிருக்கும், டீச்சர் ஊரில் இருக்க மாட்டார், கேட்க ஆள் இருக்காது. டாவோசை எதற்கு அனுப்பினார்கள் என்று தொடர் பார்த்தபோது என் மருமகள் கேட்டாள். எனக்குக் கேட்க வேண்டியிருக்கவில்லை.

'கல்யாணம்' என்று சொல்லித்தான் இபிஜீனியாவையும் வரவழைத்தார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள்.

இதைப் படிக்கிற பலர் இப்போது நல்ல நிலையில் இருக்கிறீர்கள். சென்னை, பெங்களூரு, துபாய், சிங்கப்பூர் என்று இருக்கிறீர்கள். "டீச்சர், அதெல்லாம் பழைய காலம், நாங்கள் எங்கள் பிள்ளைகளை அப்படியா வைத்திருக்கிறோம்?" என்று கேட்பீர்கள். பலிபீடம் இடம் மாறியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வரலாறு படிக்க ஆசைப்பட்ட பிள்ளையை விடுதியில் சேர்த்து, காலை 5 மணிக்கு எழுப்பி, இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்று நுழைவுத் தேர்வு எழுத வைக்கிறோம். "அவனுக்கே டாக்டர் ஆகணும்னு ஆசை" என்று சொந்தக்காரர்களிடம் சொல்கிறோம். அவனைக் கேட்டால் அவனும் அதைத்தான் சொல்வான். அப்பா வாங்கிய கடன், அம்மா அடகு வைத்த வளையல், இரண்டையும் தெரிந்த பிள்ளை வேறு என்ன சொல்லும்?

எதிர்க்கேள்வி வரும், அதையும் சொல்லிவிடுகிறேன். குடும்பத்துக்காகப் பிள்ளை விட்டுக்கொடுப்பது அன்பு இல்லையா? அன்புதான். என் வகுப்பில் படித்த எத்தனையோ மூத்த பெண்களும் மூத்த பையன்களும் தங்களை உருக்கித் தம்பி தங்கைகளை மேலே ஏற்றிவிட்டார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். அரவானைக் கோயில் கட்டிக் கும்பிடுவதும் அதற்காகத்தான். ஆனால் கொடுத்தவனைக் கும்பிடுவது வேறு, கேட்டவர்களைக் கேள்வி கேட்காமல் விடுவது வேறு. களபலிக் கூத்தில் அரவானுக்காக அழுகிற சனம், அர்ச்சுனனை யாரும் திட்டிக் கேட்டதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கடனில் மூழ்கிய நெசவாளியையும் அகமெம்னானையும் ஒரே தராசில் வைக்க முடியாது. மன்னனுக்குத் திரும்பிப் போக வழி இருந்தது. முன்பணம் வாங்கிய தகப்பனுக்கு அது கம்மி. அவரைத் திட்டிப் பயனில்லை. அவருக்கு இன்னொரு வழியைத் திறந்துவிட வேண்டும். மதிய உணவும் இலவசச் சைக்கிளும் அதைச் செய்தன. 2022இல் வந்த புதுமைப்பெண் திட்டமும் செய்கிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரிக்குப் போனால் மாதம் 1000 ரூபாய் அவள் கணக்கில் விழுகிறது. "படிக்க வச்சா செலவு" என்ற வீட்டில் பெண்ணின் பக்கம் ஒரு சின்னக் கல் தராசில் விழுகிறது. சட்டமும் திட்டமும் இருப்பது வாசலைத் திறந்து வைக்கத்தான்.

மூன்று கதைகளும் பிறகு என்ன ஆயின? அகமெம்னானுக்குக் காற்று வந்தது. டிராயையும் 10 வருடம் போராடி ஜெயித்தான். வீட்டுக்கு வந்த அன்றே மனைவி கிளைடெம்னெஸ்ட்ரா அவனைக் கொன்றாள். மகளைக் கொடுத்ததை அவள் ஒருநாளும் மறக்கவில்லை. பாண்டவர்களும் ஜெயித்தார்கள். ஜெயித்த இரவிலேயே அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த உபபாண்டவர் ஐந்து பேரையும் கொன்றான். அபிமன்யு ஏற்கெனவே போய்விட்டான். நாட்டை ஆள மிஞ்சியது வயிற்றில் இருந்த ஒரு கரு. ஸ்டானிஸ் கதை இன்னும் சுருக்கம். மறுநாள் காலை பனி உருகியது. கூடவே பாதிப் படை இரவோடு இரவாக ஓடிப்போயிருந்தது. பெற்ற மகளை எரித்தவன் நம்மை என்ன செய்வான் என்று வீரர்களுக்குத் தெரியாதா? தீ மூட்டும்போது மனம் மாறி ஓடிய தாய் தூக்கில் தொங்கினாள். அவனும் அன்றே செத்தான். பிள்ளையைக் கொடுத்து வாங்கியதை அனுபவிக்க வீட்டில் ஆள் இருக்காது என்பதை 2,500 வருடத்துக்கு முன்னும் சொன்னார்கள், 2015லும் சொன்னார்கள்.

இன்னொரு சின்ன விஷயம். ஷிரீன் எரியும் காட்சியில் கேமரா அவளை அதிகம் காட்டாது. குரல் மட்டும் கேட்கும். சுற்றி நிற்கும் வீரர்களின் முகத்தைக் காட்டும். ஒருவன் தலையைத் தொங்கப்போடுவான், ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொள்வான். கிரேக்கக் கிழவர்கள் பாட்டை நிறுத்தியதும் அதே மாதிரிதான். வேடிக்கை பார்த்தவர்களும் கதையில் இருக்கிறார்கள் என்று சொல்லத்தான் அப்படி. மாமா, சித்தி, பக்கத்து வீட்டுக்காரர், டீச்சர் எல்லாரும் அந்தக் கூட்டத்தில் நிற்கிறோம்.

அப்படியானால் பிள்ளை சொல்லும் 'சரி' உண்மையா பொய்யா என்று எப்படித் தெரிந்துகொள்வது? எனக்குத் தெரிந்த ஒரே சோதனையைச் சொல்கிறேன். 'முடியாது' என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு என்ன நடக்கும்? அன்று ராத்திரி சோறு அதே மாதிரி கிடைக்குமா? அப்பா முகம் கொடுத்துப் பேசுவாரா? பாட்டி ஒப்பாரி வைக்காமல் இருப்பாளா? 'முடியாது' சொல்ல முடிகிற வீட்டில் பிள்ளை 'சரி' என்றால்தான் அது சரி. மற்ற வீட்டில் அது எதிரொலி. நாம் சொன்னதே நமக்குத் திரும்பிக் கேட்கிறது.

'முடியாது' என்ற ஒரு பையன் நம் ஊர்த் தலபுராணத்திலேயே இருக்கிறான். ஞானசம்பந்தர் பாடிய திருமாகறலீசர் கோயில் கதை உங்களில் பலருக்குத் தெரியும். இங்கே ஒரு பலா மரம் இருந்ததாம், தினம் ஒரு பழம் பழுக்குமாம். அதை இங்கிருந்து சிதம்பரத்துக்குத் தலையில் சுமந்து கொண்டுபோய் நடராசருக்குப் படைத்து, சோழ மன்னனுக்குப் பிரசாதமாகக் கொடுக்க வேண்டும். வீட்டுக்கு வீடு முறை வைத்துச் சுமந்தார்கள். ஒருநாள் முறை ஒரு சின்னப் பையனுக்கு வந்தது. அவன் மரத்தையே கொளுத்திவிட்டான். மன்னன் கூப்பிட்டு விசாரித்தான். "தினமும் ஜனங்கள் இத்தனை தூரம் தலைச்சுமையாகத் தூக்கிக்கொண்டு அவதிப்படுகிறார்கள், அதனால்தான் எரித்தேன்" என்று நேருக்கு நேராகச் சொன்னான்.

மன்னன் அவனை ஊர் கடத்தினான். 'முடியாது' என்றால் தண்டனை அந்தக் காலத்திலும் உண்டு. ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவனை விட்டுவிட்டுத் திரும்பும் வழியில் பொழுது விடிந்த ஊர்தான் விடிமாகறல் என்பார்கள். அப்போதுதான் மன்னன் கண்ணில் பொன் உடும்பு பட்டது. அது ஓடி நுழைந்த புற்றில்தான் மாகறலீசர் வெளிப்பட்டார். அத்தனை நாள் பழம் சாப்பிட்ட மன்னனுக்குக் காட்சி கிடைக்க, மறுத்துப் பேசிய ஒரு பையன் வேண்டியிருந்தது. ஏதென்ஸ்காரர்களிடம் இல்லாத கதை இது. நம்மிடம் இருக்கிறது. கோயிலுக்கு வரும்போது பிள்ளைகளுக்கு உடும்பை மட்டும் காட்டாதீர்கள், அந்தப் பையனைப் பற்றியும் சொல்லுங்கள்.

பொதுத் தேர்வு முடிவு வரும் நாட்களிலும் மே மாத விடுமுறையிலும் உங்கள் சொந்தத்தில், தெருவில் ஒரு பிள்ளை திடீரென்று "எனக்கே வேணாம்" என்று சொல்வது காதில் விழுந்தால், தயவுசெய்து தனியாகக் கூப்பிட்டு இன்னொரு தடவை கேளுங்கள். பெரியவர்கள் இல்லாத இடத்தில் கேளுங்கள். 18 வயது ஆகாத பெண்ணுக்குக் கல்யாணம் என்றால் 1098க்கு ஒரு போன் போடுங்கள், இலவசம்தான். உறவு கெட்டுப்போகுமே என்று தயங்குவீர்கள். கொஞ்ச நாள் பேசாமல் இருப்பார்கள், அப்புறம் பேசுவார்கள். எனக்கு அனுபவம் உண்டு. என்னோடு நாலு வருடம் பேசாத ஒரு வீட்டிலிருந்து, அந்தப் பெண் நர்சிங் முடித்து வேலைக்குப் போனபோது முதல் ஸ்வீட் பாக்கெட் என் வீட்டுக்குத்தான் வந்தது.

உங்கள் ஊர்க் கூத்தில் அரவான் களபலி எப்படி ஆடுவார்கள், அரவானுக்காக யார் அழுவார்கள் என்று கீழே எழுதுங்கள். ஊருக்கு ஊர் மாறும், தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. எழுத்துப்பிழை இல்லாமல் எழுதுங்கள். ர, ற இன்னும் சிலருக்குத் தகராறுதான், பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

எல்லாரும் பிள்ளைகுட்டிகளோடு நல்லா இருங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
மாகறல்